பல்ஸ் மோட்டார்: இரண்டு 2என்3055-இல் ஒன்று மட்டும் கொதிக்கிறது – எந்தப் பாகத்தை எதோடு பொருத்துவது?

சுழலி

வணக்கம். ஒரு பல்ஸ் மோட்டார் கட்டியிருக்கிறேன்: காந்தம் கடக்கும்போது டிரிக்கர் இழை டிரான்சிஸ்டரை ஆன் செய்யும், பவர் இழை வட்டைத் தள்ளும், ஆஃப் ஆகும்போது சுருளில் மிஞ்சும் ஆற்றல் இரண்டாவது பேட்டரியை சார்ஜ் செய்யும். விவரங்களை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

அக்ரிலிக் வட்டில் 6 காந்தங்கள், எல்லாவற்றுக்கும் வடதுருவம் வெளிப்பக்கம். சுருள் மூன்று கம்பிகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றியது, 400 சுற்று. பவருக்கு இரண்டு இழை, 24 கேஜ், ஒவ்வொன்றும் 3.5 ஓம். டிரிக்கருக்கு ஒரு இழை, 26 கேஜ். நடுவில் கோராகச் செம்புப் பூச்சுள்ள வெல்டிங் ராடுகளின் கட்டு. கோரோடு சேர்த்து எல்.சி.ஆர் மீட்டரில் 15 மில்லிஹென்றி. இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டர், இரண்டு பேஸையும் இணைத்து பொதுவாக ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். எமிட்டரிலிருந்து பேஸுக்கு 1என்4148 டையோடு. சுருளின் ஆற்றலை சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு வெளியே எடுக்க 1என்4007 டையோடு. கலெக்டர்–எமிட்டர் குறுக்கே நியான் விளக்கு. 12 வோல்ட் 7 ஏ.எச் பேட்டரி.

வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று. பேட்டரியிலிருந்து சராசரியாக 0.2 ஆம்பியர் போகிறது. ஒரு டிரான்சிஸ்டரில் கை வைக்க முடியவில்லை, மற்றது குளிர்ந்தே இருக்கிறது. ஹீட் சிங்க் போடவில்லை. ஹெச்.எஃப்.ஈ (மின்னோட்டப் பெருக்கம்) பொருந்திய ஜோடி வாங்க வேண்டுமா? மல்டிமீட்டரில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டுகிறது.

தாமிரக்கம்பி

தம்பி, ஜோடி தேட வேண்டாம். முதல் தவறு அந்தப் பொதுவான 470 ஓம். இரண்டு பேஸையும் நேரடியாக இணைத்தால், எதற்கு பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் கொஞ்சம் குறைவோ அதுவே கிட்டத்தட்ட முழு பேஸ் மின்னோட்டத்தையும் இழுத்துக்கொள்ளும். அது சூடாகும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் அந்த வோல்டேஜ் இன்னும் இறங்கும், இன்னும் அதிகமாக இழுக்கும். மற்றது வேலையே செய்யாது. ஒவ்வொரு பேஸுக்கும் தனி ரெசிஸ்டர், ஒவ்வொரு கலெக்டருக்கும் தனி வெளியேற்ற டையோடு. இது அடிப்படை.

இரண்டாவது, 470 ஓம் உன் சுருளுக்கு மிக அதிகம். கணக்கை எப்போதும் சுருளில் தொடங்கு. டிரான்சிஸ்டர் பெயரில் தொடங்காதே.

600 சுற்று என்றால் நொடிக்கு 10. 6 காந்தத்துக்கு நொடிக்கு 60 துடிப்பு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி. அதில் கால் பங்கு ஆன் என்று வைத்தால் 4.2 மில்லிநொடி. இரண்டு இழையும் ஒன்றாக ஓடும்போது ரெசிஸ்டன்ஸ் பாதியாகி 1.75 ஓம், ஒரே கோரில் ஒட்டிச் சுற்றியதால் இன்டக்டன்ஸ் 15 மில்லிஹென்றியாகவே நிற்கும். 15-ஐ 1.75-ஆல் வகுத்தால் டைம் கான்ஸ்டன்ட் (மின்னோட்டம் ஏறும் வேகத்தைக் குறிக்கும் நேரம்) 8.6 மில்லிநொடி. எல்லை மின்னோட்டம் 12/1.75, அதாவது 6.9 ஆம்பியர். 4.2 மில்லிநொடியில் அதில் 39 சதவீதம் எட்டும்: மொத்தம் 2.65 ஆம்பியர், ஒரு டிரான்சிஸ்டருக்கு 1.3.

2என்3055-க்கு 1.3 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, அது 15 ஆம்பியர் பாகம். ஆனால் ஹெச்.எஃப்.ஈ 4 ஆம்பியரில் 20 முதல் 70 வரை என்றுதான் டேட்டாஷீட் உத்தரவாதம் தருகிறது. முழுமையாக ஆன் ஆக, 15-க்கு 1 என்ற கணக்கில் பேஸுக்கு சுமார் 90 மில்லிஆம்பியர் கொடு. இப்போது இரண்டுக்கும் சேர்த்தே 22-தான் கிடைக்கிறது.

சுழலி

பேஸ் குறைவாக இருந்தால் மின்னோட்டம்தானே குறையும்? சூடு ஏன்?

அலைகாட்டி

ஸ்கோப்பில் கலெக்டரைப் பார்த்தால் புரிந்துவிடும். துடிப்பின் முதல் ஒன்றரை மில்லிநொடி கலெக்டர் அரை வோல்ட் அளவில் படுத்திருக்கும். மின்னோட்டம் ஏறி, பேஸ் தாங்கும் எல்லையைத் தொட்டதும் கலெக்டர் மேலே எழும்பி 5, 6 வோல்ட்டில் நிற்கும். காந்தம் இன்னும் டிரிக்கரில் வோல்டேஜ் தூண்டிக்கொண்டிருப்பதால் முழுதாக ஆஃப் ஆகவும் விடாது. 1 ஆம்பியர், 6 வோல்ட், நேரத்தில் 15 சதவீதம்: 0.9 வாட். ஹீட் சிங்க் இல்லாத டி.ஓ-3 உறைக்கு வாட்டுக்கு ஏறத்தாழ 35 டிகிரி. அறையில் 35 டிகிரி என்றால் உறை 67-க்குப் போகிறது. கை வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

முழுமையாக ஆன் ஆனால் அதே டிரான்சிஸ்டர் கால் வாட்டைக்கூடத் தொடாது. பல்ஸ் மோட்டாரில் டிரான்சிஸ்டர் கொதித்தால் பெரிய ஹீட் சிங்க் தேடுவதற்கு முன் பேஸ் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

ஓரி_மின்னணு

பொருத்தவே வேண்டாம் என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். பழைய ஒரு-டிரான்சிஸ்டர் வடிவமைப்புகளில் பேஸ் ரெசிஸ்டரை வேண்டுமென்றே அதிகமாக வைத்து, ஹெச்.எஃப்.ஈ மூலமாகவே உச்ச மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள். அந்த முறையில் நாலைந்து இழை ஓட்டினால் பொருத்தம் கட்டாயம். ஆனால் மல்டிமீட்டரின் ஹெச்.எஃப்.ஈ குழி இதற்கு உதவாது. அது பேஸுக்குச் சில மைக்ரோஆம்பியர்தான் தருகிறது. பவர் டிரான்சிஸ்டர் 1 ஆம்பியரில் என்ன செய்யும் என்று அதில் தெரியாது.

சோதனைக்கு இப்படிக் கட்டுங்கள். 12 வோல்ட் சப்ளை. கலெக்டரில் 3.3 ஓம் 10 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டர். பேஸுக்கு அதே 12 வோல்ட்டிலிருந்து 470 ஓம். பேஸ் மின்னோட்டம் 23.8 மில்லிஆம்பியரில் நிற்கும். 3.3 ஓம் குறுக்கே வரும் வோல்டேஜை 12.7-ஆல் பெருக்கினால் அதுவே ஹெச்.எஃப்.ஈ. 3.9 வோல்ட் வந்தால் 50. டிரான்சிஸ்டரில் 10 வாட் அளவுக்கு விழும் என்பதால் ஹீட் சிங்கில் திருகி, 2 நொடிக்குள் அளந்து எடுத்துவிட வேண்டும். ஒரே வெப்பநிலையில் தொடங்கினால்தான் ஒப்பீடு செல்லும். 10 சதவீதத்துக்குள் இருப்பவற்றை ஒரு குழுவாக வைக்கலாம்.

போலிகளையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். டி.ஓ-3 உறைக்குள் சின்ன சில்லை வைத்து 2என்3055 என்று அச்சடித்தவை, மின்னோட்டம் ஏறினால் ஹெச்.எஃப்.ஈ-யில் சரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் 3.3-க்குப் பதில் 1 ஓம் 25 வாட், 470-க்குப் பதில் 100 ஓம் 2 வாட் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.

தாமிரக்கம்பி

சார் சொல்லும் சோதனை சரி, கட்டி வைத்துக்கொள். ஆனால் தனித்தனி ரெசிஸ்டரோடு முழுமையாக ஆன் செய்தால், பேஸ் வோல்டேஜில் 0.05 வித்தியாசம் இருந்தாலும் ரெசிஸ்டர் குறுக்கே விழும் 5 வோல்ட்டில் அது 1 சதவீதம்தான். கலெக்டர் மின்னோட்டத்தை அப்போது இழையின் ரெசிஸ்டன்ஸ் பங்கிடும், ஹெச்.எஃப்.ஈ அல்ல. உண்மையில் பொருத்த வேண்டியவை இழைகள். ஒன்றாக முறுக்கிச் சுற்றினால் நீளம் தானாகவே பொருந்தும்; 0.1 ஓமுக்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கோ சாலிடர் முனையில் எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லை.

இப்போது மதிப்பு. டிரிக்கரில் 12 வோல்ட் முழுதாகக் கிடைக்கும் என்று எண்ணாதே. ஒரே அளவு சுற்று என்றாலும், பவர் இழையில் ரெசிஸ்டன்ஸ் தின்ற பிறகு மிஞ்சுவதுதான் டிரிக்கருக்குப் பிரதிபலிக்கும். தொடக்கத்தில் 11.5 வோல்ட். துடிப்பின் முடிவில் 12-இலிருந்து 1.3 × 3.5-ஐயும் டிரான்சிஸ்டரின் அரை வோல்ட்டையும் கழித்தால் 7. பேஸ் 0.9 போக 6.1 வோல்ட். 90 மில்லிஆம்பியருக்கு 68 ஓம்.

அலைகாட்டி

68 ஓம் சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் சார்ஜ் பக்கம் இழப்பு வரும். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனதும் கலெக்டர் 27 வோல்ட்டுக்கு ஏறுகிறது: ஓட்டும் பேட்டரி 12, அதன் மேல் சார்ஜ் ஆகும் பேட்டரி 14, டையோடு 1. அப்போது சுருள் குறுக்கே 15 வோல்ட் தலைகீழாக நிற்கிறது, டிரிக்கரிலும் அதே 15. அது 1என்4148 வழியாக 68 ஓமில் 210 மில்லிஆம்பியரை ஓட்டும். காந்த ஆற்றல் வெளியேற 15 மில்லிஹென்றி × 2.65 ÷ 15, அதாவது 2.65 மில்லிநொடி ஆகிறது. ஒரு ரெசிஸ்டருக்குச் சராசரி அரை வாட், இரண்டுக்கும் 1 வாட். சுருளில் சேரும் ஆற்றல் துடிப்புக்கு 53 மில்லிஜூல், நொடிக்கு 60 துடிப்புக்கு 3.2 வாட். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேஸ் ரெசிஸ்டரைச் சூடாக்கவே போகிறது!

தீர்வு எளிது. ஒவ்வொரு பேஸ் ரெசிஸ்டரோடும் தொடரில் ஒரு 1என்4007, கத்தோடு பேஸ் பக்கம். தலைகீழ் மின்னோட்டம் அடைபடும். அதன் 0.8 வோல்ட்டை ஈடுகட்ட ரெசிஸ்டரை 56 ஓம் 2 வாட் ஆக்குங்கள். பேஸ்–எமிட்டர் இடையே 100 ஓம் போட்டால் ஆஃப் ஆகும்போது பேஸில் தேங்கிய சார்ஜ் வடிய வழி கிடைக்கும். இந்த இடத்துக்கு வேக டையோடு வேண்டாம். 1என்4007 மெதுவாக அடைபடுவதால் அந்தச் சில மைக்ரோநொடியில் பேஸ் சார்ஜை அதுவே இழுத்து வெளியேற்றுகிறது.

1என்4148-ஐக் கழற்றாதீர்கள். 2என்3055-இன் பேஸ்–எமிட்டர் தலைகீழாக 7 வோல்ட்தான் தாங்கும், எம்.ஜே.எல்.21194 டிரான்சிஸ்டர் என்றால் 5. அதைத் தாண்டி ஒவ்வொரு துடிப்புக்கும் உடைந்தால் டிரான்சிஸ்டர் உடனே சாகாது, ஹெச்.எஃப்.ஈ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும்.

பொறிவட்டு

நியானை யாரும் கவனிக்கவில்லை. 2என்3055-இன் கலெக்டர்–எமிட்டர் எல்லை 60 வோல்ட். நியான் பற்றுவது 60-க்கும் 90-க்கும் இடையே. அதாவது நியான் எரியும்போது டிரான்சிஸ்டர் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது. மேலும் நியான் தாங்குவது சில மில்லிஆம்பியர். இங்கே வருவது 2.65 ஆம்பியர். சார்ஜ் பேட்டரியின் கிளிப் கழன்றால் அந்த 53 மில்லிஜூலுக்குப் போக்கிடம் டிரான்சிஸ்டர் மட்டும்தான். நியானை ‘கிளிப் கழன்றுவிட்டது’ என்று காட்டும் விளக்காக வைத்துக்கொள்ளலாம், பாதுகாப்பாக அல்ல.

ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் கலெக்டர்–எமிட்டர் குறுக்கே 1.5கே.இ.47ஏ டி.வி.எஸ் (மிகை வோல்டேஜை வெட்டும்) டையோடு, கால்களை முடிந்த அளவு குட்டையாக வெட்டி. 44.7 வோல்ட்டுக்கு மேல்தான் கடத்தத் தொடங்கும். 27 வோல்ட் வேலையில் குறுக்கிடாது. கிளிப் கழன்றால் ஒவ்வொன்றும் 2 வாட் அளவில் சூடாகும், அவ்வளவுதான். இரண்டு பேட்டரியைத் தொடரில் சார்ஜ் செய்தாலும் கலெக்டர் 41-க்குள் நிற்கும். அதற்கும் மேல் வேண்டும் என்றால் 2என்3055-ஐ விட்டுவிட்டு 250 வோல்ட் தாங்கும் எம்.ஜே.எல்.21194-க்குப் போவதே முறை, டி.வி.எஸ்-ஐயும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

சுழலி

வெளியேற்ற டையோடு 1என்4007 போதுமா? எல்லா இடத்திலும் யூ.எஃப்.4007 என்றே சொல்கிறார்கள். டிப்122 இரண்டு கையில் இருக்கிறது, அது ஆகுமா?

ஓரி_மின்னணு

டிப்122 ஓடும். ஆனால் டார்லிங்டன் (உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கியது) என்பதால் 3 ஆம்பியரில் 2 வோல்ட் வரை தின்னும். 12 வோல்ட்டில் அது பெரிய பங்கு.

டையோடு பற்றி: யூ.எஃப்.4007-இன் மீட்பு நேரம் (கடத்துவதை நிறுத்தி அடைபட ஆகும் நேரம்) 75 நானோநொடி. 1என்4007 மைக்ரோநொடிக் கணக்கில் மெதுவானது. ஆனால் மீட்பு நேரம் எப்போது தொல்லை தரும்? டையோடில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தலைகீழாக்கினால். இங்கே 2.65 மில்லிநொடியில் சுருள் காலியாகிவிடுகிறது, அடுத்த துடிப்புக்கு அதற்குப் பிறகும் 9 மில்லிநொடிக்கு மேல் இருக்கிறது. டையோடு தானாகவே ஓய்ந்துவிடும். 60 துடிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் அளக்கக்கூட முடியாது. சர்க்யூட் தானாகக் கீச்சென்று கிலோஹெர்ட்ஸில் அலையத் தொடங்கினால் மட்டும் 1என்4007 சூடேறும். அந்த அலைவை நிறுத்துவதுதான் சரியான வேலை என்றாலும், விலை வித்தியாசம் சில ரூபாய்தான் என்பதால் யூ.எஃப்.4007 போடுவதில் தவறில்லை.

தாமிரக்கம்பி

கேஜ் என்று எழுதியிருக்கிறாயே, எந்தக் கேஜ்? அமெரிக்க வரைபடங்களில் ஏ.டபிள்யூ.ஜி. நம் ஊர் வைண்டிங் கம்பிக் கடையில் தருவது எஸ்.டபிள்யூ.ஜி. 20 ஏ.டபிள்யூ.ஜி 0.81 மி.மீ; 20 எஸ்.டபிள்யூ.ஜி 0.91 மி.மீ. குறுக்குவெட்டில் 27 சதவீதம் கூடுதல் செம்பு, அதே பாபினில் சுற்று கொள்ளாது. 23 ஏ.டபிள்யூ.ஜி கேட்ட இடத்துக்கு 24 எஸ்.டபிள்யூ.ஜி (0.56 மி.மீ) வாங்க வேண்டும். மி.மீ சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. எடைக்கு: 24 எஸ்.டபிள்யூ.ஜி மீட்டருக்கு 2.2 கிராம், 0.07 ஓம். உன் 3.5 ஓம் இழை 50 மீட்டர், 110 கிராம். இரண்டு இழைக்கும் கால் கிலோ போதும்.

கதிர்வீச்சு_7

டிரிக்கர் இழையே வேண்டாம் என்று காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சாரும் ஐ.ஆர்.எஃப்.540என் மாஸ்ஃபெட்டும் வைத்திருக்கிறேன். வட்டு நின்றாலே சுருள் சூடேறுகிறது. ஏன்?

அலைகாட்டி

ஏ3144 திறந்த கலெக்டர் வெளியீடு. தென்துருவம் முன்னால் வந்தால் கீழே இழுக்கும், காந்தம் இல்லாதபோது விட்டுவிடும். மாஸ்ஃபெட்டின் கேட்டை நேரடியாக புல்-அப் ரெசிஸ்டரோடு இதில் இணைத்தால் காந்தம் இல்லாத நேரமெல்லாம் மாஸ்ஃபெட் ஆன். தலைகீழாக்க ஒரு பி.சி.557 டிரான்சிஸ்டர் போடுங்கள்: எமிட்டர் 12 வோல்ட்டுக்கு, பேஸிலிருந்து 4.7 கே வழியாக ஹால் வெளியீட்டுக்கு, பேஸ்–எமிட்டர் இடையே 10 கே, கலெக்டரிலிருந்து தரைக்கு 1 கே. அந்தக் கலெக்டர்தான் கேட்டை ஓட்டும், இடையில் 22 ஓம்.

இன்னொரு பொறி: காந்தம் சென்சாருக்கு நேராக வந்து வட்டு நின்றால் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். 3.5 ஓம் சுருளில் 41 வாட். அதற்கு பி.சி.557 கலெக்டருக்கும் கேட்டுக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், கேட்–சோர்ஸ் குறுக்கே 10 கே, அதனோடு இணையாக ஒரு 1என்4148, கத்தோடு கேட் பக்கம். 11 மில்லிநொடி அளவில் கேட் 4 வோல்ட்டுக்கு இறங்கி, அதற்குப் பின் தானாக ஆஃப் ஆகும். ஓடும்போது துடிப்பு அதைவிடக் குறுகியது என்பதால் தடையில்லை. 5 வோல்ட்டில் கேட்டை ஓட்ட ஆசைப்பட்டால் 540என் முழுதாகத் திறக்காது. அந்த வேலைக்கு ஐ.ஆர்.எல்.இசட்.44என், ஆனால் அது 55 வோல்ட் பாகம் என்பதை மறக்காதீர்கள்.

சென்சாரின் சப்ளைக்கு 100 ஓம், அதன் கால்களிலேயே 0.1 மைக்ரோஃபாரட். உங்கள் வட்டில் வடதுருவம் வெளியே இருந்தால் சென்சாரைத் திருப்பி, அச்சில்லாத முகத்தைக் காந்தத்துக்குக் காட்டுங்கள்.

மின்னல்_வேட்டை

சார்ஜ் ஆகும் பேட்டரி 13.2-க்கு ஏறுகிறது, ஓட்டும் பேட்டரி 12.5-லேயே நிற்கிறது. உள்ளே போவதைவிட வெளியே அதிகம் வருகிறது என்றுதானே பொருள்?

பொறிவட்டு

இல்லை. லெட்-ஆசிட் பேட்டரியில் துடிப்பு விழும்போது தட்டுகளின் மேற்பரப்பு வோல்டேஜ்தான் ஏறுகிறது, சேர்ந்த ஆம்பியர்-மணி அல்ல. பேட்டரியை ஒதுக்கி வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெபாசிட்டரை பேட்டரியின் இடத்தில் வையுங்கள். 10 வோல்ட்டிலிருந்து 20-க்கு ஏற எத்தனை நொடி என்று பாருங்கள். அந்த இடைவெளியில் சேர்வது 1.5 ஜூல். நொடியால் வகுத்தால் வெளியே வரும் வாட். உள்ளே போவது: ஓட்டும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் 0.1 ஓம் 5 வாட், அதன் குறுக்கே வரும் வோல்டேஜை 1 கே, 100 மைக்ரோஃபாரட் வழியாக வடிகட்டி மல்டிமீட்டரில் அளந்தால் உண்மையான சராசரி. அந்த வோல்டேஜை 10-ஆல் பெருக்கினால் ஆம்பியர், அதை 12-ஆல் பெருக்கினால் வாட்.

சுழலியின் சுருளில் கணக்குப்படி உள்ளே போவது துடிப்புக்கு 72 மில்லிஜூல், காந்தப்புலத்தில் சேர்வது 53. மீதி செம்பைச் சூடாக்குகிறது. வட்டைச் சுழற்றும் வேலை, கோர் இழப்பு, டையோடு இழப்பு எல்லாம் இதற்கு மேல். வெளியே வருவது எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதில்தான் இந்தச் சர்க்யூட்டின் முழு சுவாரசியமும் இருக்கிறது.

சுழலி

தனித்தனி 56 ஓம், தொடர் டையோடு, பேஸ்–எமிட்டர் 100 ஓம், டி.வி.எஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். இரண்டு டிரான்சிஸ்டரும் இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன. மின்னோட்டம் 0.35. ஆனால் வட்டைக் கையால் பிடித்து நிறுத்தினால் சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி வருகிறது.

ஓரி_மின்னணு

தான்தோன்றி அலைவு. சுருள் காலியானதும், அது தன் சொந்தக் கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து ஊசலாடும். அந்த ஊசலின் எதிர்முனை டிரிக்கரில் பாசிட்டிவாக வந்து டிரான்சிஸ்டரை மறுபடி எழுப்புகிறது. பேஸ்–எமிட்டர் 100 ஓம்களை 47 ஆக்குங்கள். இப்போது எழுப்புவதற்கு டிரிக்கரில் 1.7 வோல்ட் போதுமாக இருக்கிறது; 47 போட்டால் 2.1 தேவைப்படும். பேஸில் மிஞ்சுவது 76 மில்லிஆம்பியர், 1.3 ஆம்பியருக்கு அது தாராளம். அதற்குப் பிறகும் கீச்சொலி இருந்தால் சார்ஜ் கிளிப்பும் டையோடின் சாலிடரும் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிவழி அறுந்திருந்தால் ஊசல் பெரிதாகும்.

சுழலி

47 போட்டேன். கீச்சொலி நின்றுவிட்டது. கையால் மெதுவாகத் தள்ளினால் மட்டும் இப்போது எடுத்துக்கொள்வதில்லை.

தாமிரக்கம்பி

அந்த 2.1 வோல்ட்டைக் காந்தம் தூண்ட வேண்டுமே, அதனால்தான். கொஞ்சம் வேகமாகச் சுழற்றி விடு. அதுவும் போதவில்லை என்றால் சுருளுக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை 5 மி.மீ-இலிருந்து 3-க்குக் கொண்டுவா, ரெசிஸ்டரைத் தொடாதே.